அம்பாசடர் இன்ஜின் வேலை முடிந்ததும் பின்பக்கம் ஆயில் ஒழுகல்: சீலா, பிரீதரா?

கீழக்கரை மார்க்2:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

வாப்பா வைத்திருந்த 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல், 1489 சிசி. பல வருஷம் ஷெட்டில் கிடந்ததை வெளியே எடுத்து இன்ஜினை முழுசாகப் பிரித்து வேலை பார்த்தாச்சு. போர் பண்ணி 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், கிராங்க் அரைத்து புது பேரிங், வால்வு சீட்டிங் எல்லாம் முடிந்தது. எஸ்.யூ. கார்புரேட்டரும் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறது. சத்தம் அருமை, ஆயில் பிரஷர் நன்றாக நிற்கிறது, பிக்கப்பையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வண்டியை நிறுத்தி வைத்தால் காலையில் பெல் ஹவுசிங்குக்கு (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக் கூடு) நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். ஆயில் மூடியைக் கழற்றினால் உள்பக்கம் மஞ்சளும் வெள்ளையுமாகத் தயிராடை மாதிரி படிந்திருக்கிறது. கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக் தானாக ஒரு விரற்கடை மேலே எழும்பி நிற்கிறது, அதைச் சுற்றிலும் ஆயில் தெறித்திருக்கிறது. ரயில்வே கேட்டில் நின்றால் வண்டிக்குள் ஆயில் புகை வாடை வேறு.

ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான். பழைய ஜும்மா பள்ளிப் பக்கச் சந்துகளில் செகண்ட் கியருக்கு மேல் போட வழியில்லை. பிள்ளைகளை ஸ்கூலில் விடுவது, கடைத்தெரு, எப்போதாவது ராமநாதபுரம்.

வேலை பார்த்த பட்டறையில் ரியர் சீல் போச்சு, கியர்பாக்ஸை மறுபடி இறக்கணும் என்கிறார்கள். இன்னொருவர் மாருதி பி.சி.வி. வால்வு (இன்ஜின் அடியில் சேருகிற புகையை இன்ஜினுக்கே திருப்பி இழுக்கிற வால்வு) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். மச்சான் ஒருவர் கேட்ச் கேன், அதாவது புகையோடு வருகிற ஆயிலைப் பிடிக்கிற டப்பா, வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அந்த வெள்ளைப் படிவு ஹெட் கேஸ்கெட் பிரச்சினையா என்றும் பயமாக இருக்கிறது.

—

மண்டபம் டீசல்:

தம்பி, கியர்பாக்ஸை இறக்க விடாதீங்க. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசுவோம்.

நான் பார்ப்பது விசைப்படகு இன்ஜின் வேலை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம் வந்தால் கரையில் நிற்கிற போட்டு இன்ஜின் எல்லாம் பிரித்துத்தான் கிடக்கும், அதில் பாதிப் பேர் கொண்டுவருகிற புகார் நீங்கள் சொல்வதேதான்: புதுசாக வேலை பார்த்தேன், சீல் எல்லாம் புதுசு, ஆனாலும் ஆயில் தள்ளுது. டீசலோ பெட்ரோலோ, கணக்கு ஒன்றுதான். பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். நம் பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்போம். இறங்கிய வாயு வெளியே போக வழி வேண்டும். பிரீதரில், அதாவது இன்ஜின் மூச்சு விடுகிற குழாயில், வழி இல்லையென்றால் அது சும்மா இருக்காது, எங்கே பலவீனமோ அங்கே ஆயிலையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உங்கள் டிப்ஸ்டிக் எழும்பி நிற்கிறதே, அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அப்புறம் அம்பாசடர் 1489 இன்ஜினில் பின்பக்கம் நீங்கள் நினைக்கிற மாதிரி ரப்பர் சீல் கிடையாது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பத்து இன்ஜின் அது. கிராங்கின் பின்முனையில் திருகு மரை மாதிரி ஒரு வெட்டு வெட்டியிருப்பார்கள், கிராங்க் சுற்றச் சுற்ற அந்த மரை ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், அவ்வளவுதான் சீல். மரைக்கும் அதைச் சுற்றியிருக்கிற கூட்டுக்கும் நடுவே எப்போதும் இடைவெளி உண்டு. கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுற்றுகிற அடிப்பகுதி) லேசாக இழுவை, அதாவது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம், இருந்தால் அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே வரும், ஆயில் நிற்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் மரை என்ன செய்தாலும் ஆயில் வெளியேதான். ஆகவே சீல் போச்சு என்று சொல்பவர் எந்த சீலைச் சொல்கிறார் என்று ஒரு தடவை கேளுங்கள்.

இரண்டு பைப்பின் படத்தைப் போடுங்கள். ஒன்று, இன்ஜின் உச்சியில் இருக்கிற மூடியான ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகிற சின்ன ஹோஸ். இன்னொன்று, பக்கவாட்டில் முன் டாப்பெட் கவரிலிருந்து (பக்க மூடி) கீழே தரையைப் பார்த்து இறங்குகிற இரும்புக் குழாய். மேனிஃபோல்டுக்கு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகிற கிளைக்குழாய்) கீழே இருக்கும், எட்டிப் பார்க்கணும்.

—

கீழக்கரை மார்க்2:

அண்ணே, படம் போட்டிருக்கிறேன். இப்போதுதான் நானே சரியாகப் பார்க்கிறேன். கீழே இறங்குகிற குழாயின் முனையில் ரப்பர் மூடி மாட்டி கிளிப் போட்டிருக்கிறார்கள். கேட்டால் "நீங்க கடற்கரைப் பக்கம், மணலும் உப்புக் காத்தும் இன்ஜினுக்குள்ள போயிரும்" என்று பதில். ராக்கர் கவர் பைப்பில் ஒரு ரப்பர்த் துண்டும் அதற்குள் ஒரு போல்ட்டும். ஏர் கிளீனர் பழசு துருப்பிடித்துவிட்டதால் வேறு ஒன்று மாட்டினார்கள், அதில் ஹோஸ் சொருக இடமே இல்லை.

—

மண்டபம் டீசல்:

சோலி முடிந்தது. இரண்டு மூக்கையும் பொத்திவிட்டுச் சீல் போச்சு என்றால் எப்படி.

போல்ட்டையும் மூடியையும் இன்றைக்கே எடுங்கள். ஆனால் எடுத்தவுடன் ஒழுகல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த இரும்புக் குழாய் புறப்படுகிற இடத்தில், பக்க மூடிக்குள், கம்பிவலை இருக்கும். ஷெட்டில் கிடந்த வண்டி என்கிறீர்கள், வலை பழைய ஆயில் கசடில் தார் பிடித்துப்போய் இருக்க வாய்ப்பு அதிகம். மூடியைக் கழற்றி ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு காற்று அடித்துப் பாருங்கள். வாயை வைத்து ஊதினால் தடையில்லாமல் போகணும்.

போர் புதுசு என்பதையும் மறக்க வேண்டாம். ரிங் சிலிண்டரில் உட்காரும் வரை பேக் கம்ப்ரஷன் கூடுதலாகத்தான் இருக்கும். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், ரிங் உட்கார லோடு வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் பக்கம் நேர் ரோடுதான், டாப் கியரில் மிதித்து ஏற்றுவது, காலை எடுத்துத் தானாக இறங்க விடுவது, மறுபடி ஏற்றுவது. ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

—

தொண்டிக்காரன்:

மண்டபம் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் குழாயைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வழி திறந்துவிடும், இழுவை எங்கிருந்து வரும்?

கீழே இறங்குகிற அந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்றால், வண்டி ஓடும்போது அடியில் பாய்கிற காற்று குழாய் முனையைக் கடந்து போகையில் அங்கே அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கிற புகையை உறிஞ்சும். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால்தான் அந்த உறிஞ்சல் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கும். கீழக்கரைக் காக்கா ஓட்டுவதோ சந்தில், செகண்ட் கியரில். நின்றுகொண்டிருக்கிற வண்டியில் அது வெறும் ஓட்டைக் குழாய். புகை தானாக வழிந்து மேலே வரும், ரயில்வே கேட்டில் வாடை அடிப்பது அதனால்தான். இந்தக் குறை ஊருக்கே தெரிந்த குறை. 1961 மாடலிலிருந்து கலிபோர்னியாவில் விற்ற அமெரிக்கக் கார்களில் இந்தக் குழாயை எடுத்துவிட்டு பி.சி.வி. வைக்க ஆரம்பித்தார்கள், புகைமூட்டப் பிரச்சினைக்காக. நம் இன்ஜினின் அண்ணன் முறையான 1798 சிசி பி-சீரிஸ், எம்.ஜி.பி. காரில் வந்தது, அதற்கும் 1964-ல் மேனிஃபோல்டு வேக்குவத்தில் இழுக்கிற வால்வு வந்துவிட்டது. நம் அம்பாசடர்தான் பழைய முறையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளைப் படிவு பற்றி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சரில் போய்விடும், ரிங்கைத் தாண்டி இறங்குகிற பங்கு கிராங்க்கேஸில் தங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகி பிரீதர் வழியே போய்விடும். சூடேறாமல் குட்டிக் குட்டி ஓட்டம் ஓடினால் குளிர்ந்த மூடியில் போய் ஒட்டி ஆயிலோடு கலந்து ஆடை கட்டும். ஒன்று கேட்கிறேன், தெர்மோஸ்டாட் இருக்கிறதா? "நம்மூர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று பிடுங்கிப் போடாத பட்டறையே கிடையாது. பிடுங்கினால் ஊருக்குள் ஓடும் வண்டி சூடே ஏறாது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி மாட்டுங்கள், பாதி ஆடை அதிலேயே போய்விடும்.

ஹெட் கேஸ்கெட் பயம் இருந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது, படிவு மூடியில் மட்டும்தான் என்றால் கேஸ்கெட் இல்லை. டிப்ஸ்டிக்கிலேயே காப்பி நிறம் தெரிந்தால் விஷயம் வேறு, அப்போது வண்டியை ஓட்டாதீர்கள்.

—

பரமக்குடி பழைய வண்டி:

ஆளாளுக்கு பி.சி.வி., பி.சி.வி. என்கிறீர்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் தமிழ்நாடு முழுக்க டாக்சியாக லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய வண்டி இது, அந்தக் குழாயோடுதான் ஓடியது. டாக்சிக்காரர் யாரும் வேக்குவம் அளந்து பார்க்கவில்லை. வண்டியை அசலாக வைத்திருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

குழாயைச் சரியாக மாட்டினாலே போதும். முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், வெட்டிய முகம் வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த முனையை ரம்பம் போட்டு நேராக அறுத்துவிடுகிறார்கள், இல்லை வளைந்து முன்பக்கம் பார்த்து நிற்கிறது. முன்பக்கம் பார்த்தால் உறிஞ்சுவதற்குப் பதில் காற்றை உள்ளே ஊதும். சம்ப் (அடி ஆயில் தொட்டி) பக்கத்தில் காற்று ஓடுகிற இடத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ராக்கர் கவர் ஹோஸ். அது ஏர் கிளீனருக்குப் போயே ஆக வேண்டும். வேகமாக ஓடும்போது ஏர் கிளீனரிலிருந்து சுத்தமான காற்று அந்த வழியே இறங்கி இன்ஜினுக்குள் சுற்றிவிட்டுக் கீழ்க்குழாய் வழியே போகும், நிற்கும்போது மேலே வருகிற புகையை ஏர் கிளீனர் இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் வேலை செய்கிற ஹோஸ் அது. அதில் போய் போல்ட்டைச் சொருகியிருக்கிறார்கள். பழைய ஏர் கிளீனரைத் தூக்கி எறியவில்லையென்றால் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து அதையே மாட்டுங்கள். வேறு கிளீனரில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதானால் ஃபில்டருக்கு உள்பக்கம் வையுங்கள், வெளிப்பக்கம் வைத்தால் தூசி நேராக ராக்கருக்குப் போகும்.

—

தொண்டிக்காரன்:

பரமக்குடி அண்ணாச்சி, டாக்சி நாள் முழுக்க ஓடியது, இன்ஜின் சூடு இறங்கவே இறங்காது. வீட்டு வண்டிக்கு அந்த ராசி இல்லை. தவிர உங்கள் ஊரில் காற்று காய்ந்த காற்று. இங்கே வாடைக்காற்று அடிக்கிற மாசத்தில் காலையில் பானெட்டைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். அந்தக் காற்று குழாய் வழியே ராத்திரி முழுக்க உள்ளே போய் வருகிறது. ரப்பர் மூடி போட்ட மனுஷன் பயந்ததில் நியாயம் இருக்கிறது, செய்த வைத்தியம்தான் கோளாறு. கேட்ச் கேனும் இங்கே அதே கதை. குட்டி ஃபில்டர் வைத்த டப்பாவுக்கு ஹோஸ் விட்டால் ஆயில் சொட்டு அதில் சேரும், சரி. ஆனால் இழுக்க ஆள் இல்லை. அந்த ஃபில்டர் உப்பு ஈரத்தில் ஊறி மூணு மாசத்தில் அடைத்துக்கொண்டால் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி.

—

மண்டபம் டீசல்:

சண்டை வேண்டாம், அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் இருக்கிறதல்லவா, அந்த ஒளிபுகும் டியூப் இரண்டு மீட்டர் வாங்குங்கள். யூ மாதிரி வளைத்து ஒரு பலகையில் கட்டி பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் ஓட்டையில் காற்றுப் புகாமல் மாட்டுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். பலகை டிப்ஸ்டிக்கைவிடத் தாழ்வாக இருக்கணும், இல்லையென்றால் தண்ணீரை இன்ஜின் குடித்துவிடும். ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். இன்ஜின் பக்கத்துத் தண்ணீர் ஏறினால் உள்ளே இழுவை, திறந்த பக்கம் ஏறினால் அழுத்தம். ஐடிலில் ஒரு தடவை, ஆக்சிலேட்டர் கொடுத்து ஒரு தடவை.

—

கீழக்கரை மார்க்2:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹ். பார்த்த வரை எழுதுகிறேன்.

இரண்டும் அடைத்த நிலையில் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் திறந்த பக்கத்துத் தண்ணீர் மேலே போய் டியூபிலிருந்து கொட்டிவிட்டது, அளக்கவே முடியவில்லை. போல்ட்டை எடுத்து, ரப்பர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், அப்போதும் திறந்த பக்கம் நாலு விரல் உயரம் நின்றது. பக்க மூடியைக் கழற்றினால் அண்ணன் சொன்னதுதான், வலை இருப்பதே தெரியவில்லை, கறுப்பு மெழுகு மாதிரி ஒரு கட்டி. மண்ணெண்ணெயில் போட்டுக் குச்சியால் குத்திக் குத்தி எடுத்து மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நிற்கிறது, ஆக்சிலேட்டரில் திறந்த பக்கம் ஒரு விரல் ஏறி இறங்குகிறது.

தரையில் ஒழுகல் வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. தெர்மோஸ்டாட் இல்லை, வெறும் ஹவுசிங்தான். குழாய் முனை நேராக அறுத்திருக்கிறது. இனி பி.சி.வி. வைக்கலாம் என்றால் எந்த வால்வு, எங்கே வைப்பது?

—

தொண்டிக்காரன்:

இப்போது அழுத்தம் இல்லை, இழுவையும் இல்லை. பி.சி.வி. செய்யப்போவது அந்த மிச்சத்தைத்தான். ஆனால் ரிங் உட்கார்ந்து, முதல் ஆயில் மாற்றிய பிறகு செய்யுங்கள். புது ரிங்கின் புகையையும் அரைத்த உலோகத் துகள் கலந்த ஆயிலையும் இப்போதே கார்புரேட்டர் அடியில் இழுத்துக்கொள்ள என்ன அவசரம்.

வால்வு: உள்ளே ஸ்பிரிங்கும் ஒரு குண்டூசி மாதிரி பிளஞ்சரும் இருக்கும். ஐடிலில் மேனிஃபோல்டு வேக்குவம் அதிகம், பிளஞ்சர் இழுபட்டு வழியைக் குறுக்கிவிடும், கொஞ்சமாகத்தான் போகும். ஓட்டத்தில் வேக்குவம் குறைய வழி அகலும். கார்புரேட்டரில் பேக் ஃபயர் அடித்தால் எதிர்ப்பக்கம் மூடிக்கொண்டு நெருப்பு கிராங்க்கேஸுக்குப் போகாமல் தடுக்கும். அதனால் திசை மாற்றி மாட்டக் கூடாது. மாருதி 800 வால்வு 796 சிசி-க்கு அளவெடுத்தது. நான் 1300-லிருந்து 1600 சிசி பெட்ரோல் வண்டி எதனுடையதாவது வாங்குவேன். கையில் வைத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரணும், வரவில்லையென்றால் வாங்காதீர்கள்.

கீழ்க்குழாய் இருக்கிற பக்க மூடியிலிருந்துதான் இழுக்க வேண்டும், அங்கே வலை இருப்பதால் ஆயில் சொட்டு தங்கிவிடும். வலை இல்லாத ராக்கர் கவரிலிருந்து இழுத்தால் ஆயிலையும் குடிக்கும், பிளக்கில் கரி ஏறும். அங்கிருந்து ஹோஸ், நடுவில் வால்வு, அப்புறம் மேனிஃபோல்டு. மேனிஃபோல்டில் ஓட்டை கார்புரேட்டர் ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில், நடுவில் வரணும். ஒரு ஓரத்துக் கிளையில் போட்டால் அந்தப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் காற்று அதிகமாகிச் சூடாகும். கழற்றி வைத்து டிரில் பண்ணுங்கள், வண்டியிலேயே போட்டால் உலோகத் தூள் நேராக இன்ஜின் வால்வுக்குத்தான் போகும். ராக்கர் கவர் ஹோஸ் ஏர் கிளீனருக்கு அப்படியே இருக்கட்டும், சுத்தக் காற்று வருவது அதில்தான், முழு ஆக்சிலேட்டரில் வேக்குவம் இல்லாதபோது மிஞ்சுகிற புகை திரும்பிப் போவதும் அதில்தான். ஆயில் மூடி ஓட்டை இல்லாத மூடியாக இருக்கணும், உப்புக் காற்று பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

மாட்டியதும் ஐடில் தடுமாறும், கூடுதல் காற்று வருகிறதே. எஸ்.யூ. அடியில் ஜெட் நட்டை ஒவ்வொரு முகமாக இறக்கிக் கொஞ்சம் ரிச் (பெட்ரோல் கூடுதல்) பண்ணுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கிற குட்டி பின்னை வைத்துக் கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பாருங்கள்: ஆர்.பி.எம். லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி, ஏறியபடியே நின்றால் ரிச், இன்ஜின் சாகிற மாதிரி வந்தால் இன்னும் லீன் (பெட்ரோல் குறைவு). கொத்தனார் டியூபை மறுபடி மாட்டினால் இன்ஜின் பக்கத்துத் தண்ணீர் ஓரிரு அங்குலம் ஏறி நிற்கணும். அதற்கு மேல் இழுத்தால் வால்வு பெரிசு, பின்பக்க இடைவெளி வழியே தூசியை உள்ளே இழுக்கும்.

—

பரமக்குடி பழைய வண்டி:

செய்வதைச் செய்யுங்கள், பழைய குழாயை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பக்க மூடி குழாயோடு சேர்ந்த ஒரே உருப்படி, நல்லது கிடைப்பது கஷ்டம். ஹோஸ் மாட்டக் குழாயை அறுக்காமல் வேறொரு பக்க மூடி தேடி அதில் வேலை பாருங்கள்.

—

மண்டபம் டீசல்:

ஹோஸ் விஷயம் யாரும் சொல்லவில்லை. ரேடியேட்டர் ஹோஸ் துண்டை வைத்து ஒப்பேற்றாதீர்கள், ஆயில் பட்டால் உப்பிக் கூழாகிவிடும், வேக்குவத்தில் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும், மறுபடி மூக்கைப் பொத்திய கணக்கு. ஆயிலுக்குத் தாங்குகிற நைட்ரைல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். கிளிப் ஸ்டெயின்லெஸ், சாதா கிளிப் நம் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது.

மிச்ச ஒழுகலுக்கு இன்னும் பின்பக்கத்தைச் சந்தேகப்படுகிறீர்கள் என்றால், இன்ஜினின் பக்கவாட்டையும் பெல் ஹவுசிங் ஓரத்தையும் மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவிட்டு முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம். எனக்கென்னவோ நீங்கள் கழற்றி மாட்டிய பக்க மூடி மேல்தான் சந்தேகம், அங்கிருந்து வழிகிற ஆயில் பிளாக்கை ஒட்டியே பின்னால் ஓடி பெல் ஹவுசிங்கில் சொட்டும், பார்ப்பவர் ரியர் என்றுதான் நினைப்பார். மேனிஃபோல்டுக்கு அடியில் கை நுழையாத இடம், ஆகவே அந்த நடு போல்ட்டை ஸ்பானரை நீட்டிப் பிடித்து முழுப் பலத்தில் இறுக்கியிருப்பீர்கள். தகடு மூடி அது, நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். கழற்றி, ஓரத்தைக் கண்ணாடி மேல் வைத்து மட்டம் பார்த்து, தூக்கியிருந்தால் தட்டி நேராக்கி, புது கார்க் வைத்து, கார்க் லேசாகப் பிடிக்கிற அளவோடு நிறுத்துங்கள். போல்ட் தலைக்குக் கீழே இருக்கிற வாஷரையும் மாற்றிவிடுங்கள், அதுவும் ஒழுகும்.